நான்கு விநாடி அழைப்பு

இது நடந்தது. கதை கட்டுவதற்கு எனக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிற ஆள் நான். என் தொழில் அப்படி. மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர். மற்றவர்கள் எழுதும் புரோகிராமை உடைத்துப் பார்த்து, எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்து எழுதிவைக்க வேண்டும். பதினாறு வருடமாக எதையும் நம்பாமல் இருப்பதற்கே சம்பளம் வாங்குகிறேன். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், அந்த ராத்திரி எனக்கு நடந்தது. நேரத்தோடு சொல்கிறேன். எங்கள் புரோகிராமில் எல்லாமே நேரத்தோடுதான் பதிவாகும், அதனால் மறக்கவும் வழியில்லை.

வருடத்துக்கு ஒருமுறை குழந்தைகள் மருத்துவமனைக்காக ஒரு தொண்டு நிறுவனம் டெலிதான் நடத்துகிறது. இருபத்துநான்கு மணி நேரம் டிவியில் ஓயாமல் ஓடும் நன்கொடை நிகழ்ச்சி. பாட்டு, பேட்டி, நடுநடுவே 'இந்த எண்ணுக்கு அழையுங்கள்'. அழைத்தால் எடுப்பது எங்கள் கம்பெனி ஆட்கள். போன் புரோகிராமும் எங்களுடையது, இலவசமாகக் கொடுத்திருக்கிறோம். இதற்கு 'விருப்பப் பணி' என்று பெயர். விருப்பம் மேலாளருடையது, பணி எங்களுடையது. அந்த மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'உற்சாகம்'. காலை ஆறு மணிக்கே 'இன்று உலகை மாற்றுவோம்' என்று செய்தி அனுப்புவார். உலகம் மாறியதாகத் தெரியவில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள்தான் காணாமல் போயின.

வருடத்துக்கு நாற்பது மணி நேரம் விருப்பப் பணி செய்தால்தான் சம்பள உயர்வுப் படிவத்தில் ஒரு கட்டம் பச்சையாகும். எனக்கு எட்டு மணி நேரம் பாக்கி இருந்தது. டெலிதானில் ஒரு ராத்திரி உட்கார்ந்தால் கணக்கு சரியாகிவிடும். அந்த வாரம் முழுக்கவே நான் சரியாகத் தூங்கவில்லை. பகலில் ஆபீஸ், சாயங்காலம் டெலிதான் புரோகிராமைச் சோதிப்பது, ராத்திரி வீட்டில் மகளின் இருமல்.

மகளுக்கு ஆறு வயது. பிறக்கும்போது உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான் இருந்தாள். அதனால் வீட்டில் பட்டாணி. சளி பிடித்தால் அவளுக்கு நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும், மூச்சு இழுக்கும். அன்றைக்கு மூன்றாவது நாள். நான் கிளம்பும்போது மனைவி கதவோரம் நின்றாள்.

"இன்னைக்குப் போகாம இருக்க முடியாதா?"

"எட்டு மணி நேரம்தான். காலைல வந்துடுவேன்."

"போன வருஷமும் இதைத்தான் சொன்னீங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இந்த டெலிதானில் ஒரு வழக்கம் இருக்கிறது. பணம் தருகிறவர்கள் ஒரு குழந்தையின் பெயரையும் சொல்லலாம். நிஜப் பெயர் வேண்டாம், வீட்டில் கூப்பிடும் பெயர் போதும். எங்கள் திரையில் அதற்கு இரண்டு கட்டங்கள், ஒன்றின் கீழ் ஒன்று. மேலே 'யாருக்காக'. நோயில் இருக்கும் குழந்தை என்றால் அங்கே எழுத வேண்டும். மணிக்கு ஒருமுறை அந்தப் பெயர்களை டிவியில் வாசிப்பார்கள், எல்லோரும் கைதட்டுவார்கள். கீழே 'யார் நினைவாக'. இறந்துபோன குழந்தை என்றால் அங்கே. அந்தப் பெயர்களை விடியற்காலை நான்கு மணிக்கு மட்டும் விளக்கைத் தாழ்த்திவிட்டு வாசிப்பார்கள். பிறகு ஒரு நிமிட மௌனம்.

அந்தத் திரையில் ஒரு கோளாறு உண்டு. கீபோர்டில் டேப் பட்டனைத் தட்டினால் கர்சர் மேல் கட்டத்தைத் தாண்டி நேராகக் கீழ் கட்டத்தில் போய் நிற்கும். பார்த்துத் தட்டச்சு செய்யாவிட்டால் உயிரோடு இருக்கிற பிள்ளையின் பெயர், இறந்துபோன பிள்ளைகளின் பட்டியலில் போய் விழும். போன வருடமே இதைக் கண்டுபிடித்தவன் நான்தான். கண்டுபிடித்து, 'சிறிய பிழை, பிறகு பார்க்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். தலைக்கு மேல் வேலை இருந்தது. மவுஸால் சொடுக்கினால் சரியாகத்தானே போகிறது என்று விட்டுவிட்டேன்.

ராத்திரி 9:40. கடைசிச் சோதனை. போன வருடம் பணம் கொடுத்தவர்களின் பதிவுகளை அப்படியே இந்த வருடத்துக்கும் நகலெடுத்து வைத்திருந்தோம். அதில் கைக்கு வந்த ஏதோ ஒரு பதிவைத் திறந்தேன். உண்மையான பதிவை வைத்துச் சோதிக்கக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பதே நான்தான். சோம்பல். பெயர் என்ற இடத்தில் என்ன எழுதலாம் என்று யோசிக்கக்கூட மூளை ஓடவில்லை. விரல் தானாக டேப்பைத் தட்டிப் 'பட்டாணி' என்று அடித்தது. சேமி என்று கொடுத்தேன்.

கீழ் கட்டத்தில் போய் விழுந்தது, அங்கே ஏற்கெனவே இருந்த ஏதோ ஒரு பெயரை அழித்துவிட்டு.

சே என்றிருந்தது. பழையபடி மாற்றப் போனேன். அதற்குள் உற்சாகம் போன் கூடத்தின் நடுவில் நின்று கைதட்டினார். "வாங்க, வாங்க, எல்லாரும் ஒரு போட்டோ!" ஐம்பது பேரும் ஒரே நிற பனியனைப் போட்டுக்கொண்டு பல்லைக் காட்டினோம். போட்டோ முடிந்ததும் தேநீர் வந்தது. அவர் டிவி நிலையத்துக்குக் கிளம்பிப் போனார். நான் என் நாற்காலிக்குப் போனேன்.

மாற்ற மறந்துவிட்டேன்.

ஏழாவது மாடியில் சாப்பாட்டுக் கூடத்தைத்தான் போன் கூடமாக ஆக்கியிருந்தார்கள். நான்கு வரிசை மேசைகள். சுவரில் பெரிய டிவி. கடைசி வரிசையில், தண்ணீர் மெஷின் பக்கத்தில் என் இடம். போன வருடமும் அதே இடம்தான். திரும்ப அழைக்கும் வேலை. எல்லா இணைப்பும் நிரம்பியிருக்கும்போது வரும் அழைப்புகள் தானாக அறுந்துவிடும். அப்படி அறுந்தவை என் திரையில் வரிசையாக வந்து நிற்கும். எண், நேரம், எத்தனை விநாடி. யார் என்ன என்று அந்தத் திரையில் தெரியாது. நான் கூப்பிட்டுப் பேசி, முடிந்தது என்று மூட வேண்டும். ஐந்து விநாடிக்குக் குறைவான அழைப்பு என்றால் யாரும் கூப்பிட மாட்டோம். கைதவறி அழுத்தியிருப்பார்கள் என்று மொத்தமாகத் தேர்ந்தெடுத்துத் 'தவறான அழைப்பு' என்று ஒரே சொடுக்கில் மூடிவிடுவோம். இந்த வருடம் உற்சாகம் ஒரு புது விதி போட்டிருந்தார். எத்தனை விநாடியாக இருந்தாலும் கூப்பிட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மணி நேரம் கணக்கில் ஏறாது. மூக்கால் அழுதுகொண்டே கூப்பிட்டோம்.

பக்கத்து நாற்காலியில் சம்பளப் பிரிவு அக்கா. ஐம்பது வயதுக்கு மேல், கால் வீங்கியிருந்ததால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு அட்டைப் பெட்டிமேல் காலை நீட்டியிருந்தார். நடுராத்திரிக்குப் பிறகு அழைப்புகள் குறைந்தன. ஐம்பது பேரில் பாதிப் பேர் மேசையில் தலைவைத்துவிட்டார்கள். ஏசி மட்டும் 'ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டிருந்தது.

1:17. என் திரையில் ஒரு அழைப்பு வந்து நின்றது. நான்கு விநாடி.

எனக்குக் கண் எரிந்தது. விதியை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணை அழுத்தினேன். நீண்ட நேரம் மணி அடித்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது யாரோ எடுத்தார்கள்.

பேச்சில்லை. பின்னால் ஒரு சத்தம். ஸ்ஸ்ஸ்... டக். ஸ்ஸ்ஸ்... டக். சீராக. அதற்கும் பின்னால் டிவி ஓடும் சத்தம்.

"வணக்கம், டெலிதான்லேருந்து பேசறோம். நீங்க கூப்பிட்டிருந்தீங்க."

ஒரு பெண்ணின் குரல். மெதுவாக, பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல.

"பேரு தப்பாப் போயிருக்கு."

"எந்தப் பேரும்மா?"

"நாலு மணிக்குள்ள மாத்திடுங்க."

வைத்துவிட்டார். அந்த எண்ணிலிருந்து அன்றைக்கு வேறு அழைப்பே இல்லை என்று திரை சொன்னது. இதுவரை யாரோடும் பேசாதவர் சொன்ன பெயர் எப்படித் தப்பாகப் போகும்? தூக்கக் கலக்கத்தில் யாரோ உளறுகிறார்கள் என்று நினைத்தேன். 'ஒருமுறை பேசியாயிற்று' என்று குறித்துவிட்டு ஒரு பிஸ்கட்டைக் கடித்தேன்.

2:02. அதே எண். நான்கு விநாடி.

கூப்பிட்டேன். இந்த முறை இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். அதே ஸ்ஸ்ஸ்... டக். பின்னால் டிவியில் நிகழ்ச்சி நடத்துகிற பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது. ஒரு டாக்ஸி டிரைவர் அன்றைய வருமானம் முழுவதையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார் என்று சொன்னாள். கைதட்டல்.

"அம்மா, பேரை மாத்தணும்னா முழு விவரம் சொல்லுங்க. நான் மாத்தித் தரேன்."

"நீங்கதான் மாத்தணும்."

"எதைம்மா?"

அறுந்துவிட்டது. நிமிர்ந்து சுவரிலிருந்த டிவியைப் பார்த்தேன். அங்கே ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டாக்ஸி டிரைவரும் இல்லை, கைதட்டலும் இல்லை. வேறு சேனலாக இருக்கும்.

பிறகு 2:25-க்கு நிகழ்ச்சி நடத்துகிற பெண் மேடைக்கு ஒருவரை அழைத்தாள். டாக்ஸி டிரைவர். அன்றைய வருமானம் முழுவதையும் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்குத் தூக்கம் கலைந்தது.

நேரலை என்றால் சில விநாடி பின்தங்கி வரும். அது எனக்குத் தெரியும். முந்தி வராது. இருபத்துமூன்று நிமிடம் முந்தி வரவே வராது. ஒருவேளை ஒத்திகையைப் பதிவு செய்து வைத்திருப்பார்களோ? யாராவது என் காதில் பூச் சுற்றுகிறார்களோ? கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். விளையாடுகிற முகம் ஒன்றும் இல்லை. எல்லாம் தூங்குகிற முகங்கள்.

2:49. அதே எண். நான்கு விநாடி.

"அக்கா, இதைக் கொஞ்சம் கேளுங்களேன்" என்று ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவரிடம் திருப்பினேன். எனக்குக் கேட்டது. ஸ்ஸ்ஸ்... டக். டிவியில் அந்தப் பெண் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று 'டங்' என்று ஒரு சத்தம், கீச்சென்று ஒரு அலறல், அவள் சிரித்துக்கொண்டே "மன்னிக்கணும், மைக் விழுந்துடுச்சு" என்றாள்.

அக்கா என்னையே பார்த்தார்.

"என்ன தம்பி கேக்கணும்?"

"டிவி சத்தம் கேக்கலையா?"

"ஒண்ணுமே கேக்கலையே. தூங்கினியா இல்லையா நீ?"

அவர் திரும்பிக்கொண்டார். நான் ஹெட்போனை மறுபடி மாட்டினேன்.

"அம்மா... நீங்க எங்கேருந்து பேசறீங்க?"

"வார்டுலேருந்து."

"கூட யாரும்மா இருக்கா?"

ஸ்ஸ்ஸ்... டக். பிறகு அதுவும் நின்றது.

3:12. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டங்.

மைக் கீழே விழுந்து உருண்டது. கீச்சென்று அலறியது. அவள் சிரித்தாள்.

"மன்னிக்கணும், மைக் விழுந்துடுச்சு."

அதே வார்த்தை. அதே சிரிப்பு.

என் கை தேநீர்க் கோப்பையைத் தட்டிவிட்டது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. இருபத்துமூன்று நிமிடம். மறுபடியும் சரியாக இருபத்துமூன்று நிமிடம்.

3:37. நான்கு விநாடி.

கூப்பிடாமல் இருந்திருக்கலாம். எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் விரல் அழுத்திவிட்டது.

மணி அடிக்கவில்லை. நேராகச் சத்தம்.

ஸ்ஸ்ஸ்... டக்.

டிவியில் பாட்டு இல்லை. கைதட்டல் இல்லை. ஒரு வயலின் மட்டும் மெல்லியதாக. நிகழ்ச்சி நடத்துகிற பெண்ணின் குரல் தாழ்ந்திருந்தது. ஒவ்வொரு பெயராக நிறுத்தி நிறுத்தி வாசித்துக்கொண்டிருந்தாள்.

நினைவுப் பெயர்கள்.

"சிட்டு..."

"குட்டன்..."

"வாலு..."

"பட்டாணி..."

அப்போதுதான் அந்த 9:40 சோதனை எனக்கு நினைவு வந்தது.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். நன்கொடைத் திரையைத் திறந்தேன். கடவுச்சொல் இரண்டு முறை தப்பாகப் போனது. தேடினேன். இருந்தது. 'யார் நினைவாக: பட்டாணி.' சோதனை என்று எந்தக் குறியும் இல்லை. மற்ற பெயர்களோடு பெயராக, கடைசியாக, நாற்பத்தோராவது வரியில்.

அந்தப் பதிவிலிருந்த போன் எண்ணைப் பார்த்தேன்.

ராத்திரி முழுக்க நான் கூப்பிட்டுக்கொண்டிருந்த எண்.

நீக்கு என்று அழுத்தினேன். 'பட்டியல் 3:30-க்குப் பூட்டப்பட்டது.' பெயரின்மேல் தட்டச்சு செய்தேன். எழுத்து ஏறவில்லை. உற்சாகத்தைக் கூப்பிட்டேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. டிவி நிலையத்தைக் கூப்பிட்டேன். யாரோ ஒரு ஆள் எடுத்தான்.

"நினைவுப் பட்டியல்ல ஒரு பேரை எடுக்கணும். உடனே."

"இங்க ஒண்ணும் பண்ண முடியாது சார். உங்க பக்கம் மாத்தினா இங்க தானா மாறும்."

"இங்க பூட்டியிருக்கு."

"பூட்டினது நீங்கதானே சார்."

வைத்துவிட்டான்.

3:44. வீட்டுக்கு அடித்தேன். மனைவி உடனே எடுத்தாள். அப்படி உடனே எடுத்தால் அவள் தூங்கவில்லை என்று அர்த்தம்.

"பட்டாணி எப்படி இருக்கா?"

"ரொம்ப இழுக்குதுங்க. நெபுலைசர் வெச்சிருக்கேன். இன்னும் அடங்கல."

போனில் எனக்குக் கேட்டது. மருந்தைப் புகையாக விடுகிற நெபுலைசர் மெஷினின் இரைச்சல். அதற்கு நடுவே பட்டாணியின் மூச்சு.

ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்...

"உதடு லேசா நீலமா இருக்கு. நான் ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன். நீங்க எப்ப வரீங்க?"

"வரேன்" என்றேன்.

வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. அழுதுவிடுவேன் போலிருந்தது. வாசிக்கப்படுவது வெறும் பெயர்தான், பெயரை வாசித்தால் ஒன்றும் ஆகாது என்று மூளை சொல்லிக்கொண்டே இருந்தது. பெற்ற மனது கேட்கவில்லை. அந்தப் பெயர் வாசிக்கப்படக் கூடாது. அவ்வளவுதான் தெரிந்தது.

3:52. நானே அந்த எண்ணை அழுத்தினேன்.

மணி அடிக்கும் முன்பே எடுத்தார்கள்.

"அம்மா... அது என் பொண்ணு பேரும்மா. நான்தான் தப்பா எழுதிட்டேன். அவ இருக்கா. உயிரோட இருக்கா."

ஸ்ஸ்ஸ்... டக்.

"நானும் அதையேதான் சொன்னேன்."

"யாருகிட்டம்மா?"

ஸ்ஸ்ஸ்... டக்.

"மாத்த முடியலம்மா. பூட்டியிருக்கு. என்ன பண்றதுன்னே தெரியல..."

ஸ்ஸ்ஸ்... டக்.

"பழைய பேரையே போட்டுடுங்க."

பழைய பெயர். நான் 'பட்டாணி' என்று அடித்தபோது அழிந்துபோன பெயர். பூட்டிய பதிவிலும் 'முந்தைய நிலை' என்ற பட்டன் மட்டும் வேலை செய்யும். அது டெஸ்டர்களுக்காக வைத்தது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

"அது... யாரு பேரும்மா?"

"இனிமே அவளுக்கு ஒண்ணும் ஆகாது. போட்டுடுங்க."

அறுந்தது.

3:57. பட்டனை அழுத்தினேன்.

திரையில் வட்டம் சுற்றியது.

சுற்றியது...

3:58.

சுற்றிக்கொண்டே இருந்தது.

3:59. கட்டம் ஒரு கணம் வெறுமையானது. பிறகு எழுத்துகள் வந்தன.

'தும்பி.'

கூடத்தில் டிவியின் வெளிச்சம் மங்கியது. வயலின். முதல் முப்பத்தேழு பெயர்கள் முடிந்தன.

"சிட்டு..."

"குட்டன்..."

"வாலு..."

மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"தும்பி..."

மௌனம். கூடத்தில் விழித்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மேசைமேல் கிடந்த என் ஹெட்போனிலிருந்து, யாரோடும் இணைப்பில்லாத ஹெட்போனிலிருந்து, அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

ஸ்ஸ்ஸ்... டக்.

ஸ்ஸ்ஸ்...

அதற்குப் பிறகு டக் வரவில்லை.

4:06. மனைவியின் செய்தி. 'ஆம்புலன்ஸ் வந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள். மூச்சு சீராகிவிட்டது. தூங்குகிறாள்.'

அதைப் படித்துவிட்டு மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். சம்பளப் பிரிவு அக்கா முதுகில் தட்டிக்கொடுத்தார். மறுபடி அந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல் சொன்னது.

மகள் இரண்டு நாளில் தேறி எழுந்தாள். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தூக்கமில்லாத மூளை என்னவெல்லாம் செய்யும் என்று எனக்கு நானே விளக்கம் கொடுத்துக்கொண்டேன். மருந்து வேலை செய்தது, குழந்தை பிழைத்தாள், அவ்வளவுதான். முதல் வேலையாக டேப் பட்டன் கோளாறைச் 'சிறிய பிழை' என்பதிலிருந்து மாற்றி, அன்றே சரி செய்ய வைத்தேன். ஏன் இந்த அவசரம் என்று உற்சாகம் கேட்டார்.

பதினொரு நாள் கழித்து மருத்துவமனையில் நன்றிக் கூட்டம். ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள். முடிந்து எல்லோரும் கலையும்போது, அங்கே நோயாளிக் குழந்தைகளின் குடும்பங்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு அம்மாளிடம் போனேன். பல வருடமாக அந்த வேலையில் இருப்பவர்.

"மேடம், தும்பின்னு ஒரு குழந்தை... உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கையிலிருந்த கோப்புகளை மேசைமேல் வைத்தார்.

"தும்பியை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பட்டியல்ல பார்த்தேன்."

அவர் உட்கார்ந்துகொண்டார்.

"போன வருஷம் டெலிதான் நடந்த ராத்திரி அவ இங்க வார்டுலதான் இருந்தா. மூச்சுக் கருவி வெச்சிருந்தோம். மோசமாத்தான் இருந்தா, ஆனா இருந்தா. அவங்கம்மா பக்கத்துல உக்காந்து டிவி பாத்துக்கிட்டே போன் பண்ணிப் பணம் கட்டினாங்க. பொண்ணு பேரைச் சொன்னா எல்லாரும் கைதட்டுவாங்களே, அவ கேட்டா சந்தோஷப்படுவான்னு. உடனே ரசீது செய்தி வந்துச்சு. பாத்தா, 'தும்பியின் நினைவாக'ன்னு இருக்கு."

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பாவம், பதறிப்போயிட்டாங்க. மாத்தச் சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாங்க. லைன் கிடைக்கவே இல்ல. அடிக்கும், உடனே அறுந்துடும். யாராவது திரும்பக் கூப்பிடுவாங்கன்னு போனைக் கையிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். யாரும் கூப்பிடல."

"அப்புறம்?"

"நாலு மணிக்கு டிவில வாசிச்சாங்க. பொண்ணு முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. அவளும் கேட்டா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விடியறதுக்குள்ள போயிட்டா. அவங்கம்மாவும் ரொம்ப நாள் இல்ல. எட்டு மாசம் ஆச்சு அவங்க போயி."

நான் வீட்டுக்குப் போகவில்லை. ஆபீசுக்குப் போனேன். ஏழாவது மாடியில் சாப்பாட்டு நேரம், கூட்டம், சத்தம். ஒரு மூலையில் உட்கார்ந்து போன வருடத்தின் அழைப்புப் பதிவேட்டைத் திறந்தேன். அந்த எண்ணைக் கொடுத்துத் தேடினேன்.

நான்கு அழைப்புகள் வந்தன. 1:17. 2:02. 2:49. 3:37. நான்கும் நான்கு விநாடி.

ஒவ்வொன்றின் எதிரிலும் 'தவறான அழைப்பு' என்று எழுதியிருந்தது. மூடிய நேரம் 3:41, நான்கையும் ஒரே சொடுக்கில். மூடியவர் என்ற இடத்தில் என் பணியாளர் எண்.

அதன் பிறகு காலை ஆறு மணி வரை என் பெயரில் எந்தப் பதிவும் இல்லை. நான் தூங்கிவிட்டிருக்கிறேன்.